ஜெரால்டு மாமா தொட்ட மதர்போர்டு

திரேஸ்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் செத்துப்போக ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் ஜெரால்டு. எந்தப் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தாலும் மூடியைக் கழற்றுவார், டார்ச் அடிப்பார், பல்லிடுக்கில் காற்றை இழுத்து ஒரு சத்தம் எழுப்புவார், "உப்புக்காத்து அடிச்சிட்டு" என்பார். மௌஸ் வேலை செய்யவில்லை என்று போன ஒருவருக்கும் இதையேதான் சொன்னார். மௌஸைச் சொருகவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. அதற்கும் ஆள் அசரவில்லை. "சொருகியிருந்தா மட்டும் அடிக்காமலா இருந்திருக்கும்?" என்றார்.

கடைக்குப் பெயர் ஸ்டார்போர்டு கம்ப்யூட்டர்ஸ். கப்பலின் வலப்பக்கத்துக்கு அப்படிப் பெயராம். கடை தெருவின் இடப்பக்கம் இருக்கிறது. உள்ளே ஜெரால்டு ஆரஞ்சு நிற பாய்லர் சூட்டில் உட்கார்ந்திருப்பார். கப்பல் என்ஜின் அறையில் எண்ணெய் படாமலிருக்கப் போடுகிற உடுப்பு அது. இவர் கடையில் இருக்கிற எண்ணெய், பக்கத்துக் கடையிலிருந்து வரும் வடையில் இருப்பது மட்டும்தான்.

கப்பலில் ஏழெட்டு வருஷம் இருந்தார், அது உண்மை. சீஃப் எலக்ட்ரிக்கல் ஆபீசராக இருந்தேன் என்பது அவர் சொல்வது. மெஸ்மேனாக, அதாவது சாப்பாட்டு அறையில் தட்டு வைத்துத் தட்டு எடுக்கிறவராக இருந்தார் என்பது அதே கப்பலில் போன தருவைகுளத்துக்காரர் ஒருவர் சொல்வது. தட்டு எடுத்ததில் ஒரு கேவலமும் இல்லை. நடுக்கடலில் பசித்தவனுக்குச் சோறு வைக்கிறவன், பல்பு மாட்டுகிறவனுக்கு ஒரு படி மேல்தான். ஜெரால்டுக்குத்தான் அது கேவலமாகப் பட்டிருக்கிறது. அதனால் கரையில் இறங்கியதும் தன் பதவியைத் தானே உயர்த்திக்கொண்டார். கப்பலில் இருக்கும்போதே உயர்த்திக்கொள்ளாதது கப்பலுக்கு நல்ல காலம்.

கடற்கரையில் இரும்பு என்றால் கூடவே கிரீஸும் உண்டு. படகின் சுழல்தண்டுக்கு, வண்டிச் செயினுக்கு, கேட்டின் கொண்டிக்கு, தண்ணி மோட்டார் போல்ட்டுக்கு என்று தடவிக்கொண்டே இருக்க வேண்டும். தடவாத பொருளை உப்புக்காற்று தின்று துருவாகத் துப்பிவிடும். இது இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வருகிற மருமகளுக்குக்கூட முதல் மாதத்திலேயே தெரிந்துவிடுகிற விஷயம். ஜெரால்டு இந்த ஒரே அறிவைக் கையில் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குள் இறங்கினார். "படகு என்ஜினுக்குத் தடவுனா ஓடுது. இதுவும் என்ஜின்தானலே" என்று அவர் சொன்னபோது, படகு வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுப் பெட்டிக்கும் சர்வீஸ் செய்துவிடுவார். கதவைச் சாத்திக்கொண்டு செய்வார். உள்ளே எங்கெங்கே தடவுகிறார் என்று எட்டிப் பார்க்கிற துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

வராததற்குக் காரணம் இருக்கிறது. கப்பல் நாட்களில் லீவில் வரும்போதெல்லாம் வெளிநாட்டுச் சோப்பு, சாக்லேட், சென்ட்டு என்று பை நிறையக் கொண்டுவருவார். பிள்ளை பிறந்த வீடுகள் பல அந்த வாசனைக்கே இவரை ஞானத்தகப்பனாக நிறுத்திவிட்டன. கோயிலில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று, பிள்ளையின் விசுவாசத்துக்குப் பொறுப்பேற்கிறவர்தான் ஞானத்தகப்பன். ஜெரால்டு விசுவாசத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அந்த வீட்டு மிக்சி, டிவி, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்றுக்கொண்டார். அவர் பார்க்கிற பெட்டியில் வேறு மெக்கானிக் கை வைத்தால், அந்தப் பிள்ளையின் கல்யாணத்தன்று முகத்தை ஒரு முழம் தூக்கிவைத்துக்கொண்டு பந்தலில் நிற்பார். சாப்பிடவும் மாட்டார், போகவும் மாட்டார். அதை நினைத்தே பாதி ஊர் பழுதான பெட்டியோடு குடித்தனம் நடத்துகிறது.

பிளாரன்ஸ் வீடும் அப்படி ஒரு வீடு. ஜெரால்டு அவளுக்குப் பெரியப்பா மகன். அண்ணன் என்றால் அவளுக்குச் சாமிக்கு அடுத்த இடம். அவள் கணவன் பாஸ்கல் துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டுகிறவன்; எத்தனையோ டன்னைத் தூக்குகிறவனுக்கு மச்சானுக்கு எதிராக ஒரு வார்த்தையைத் தூக்க முடியாது. அவர்கள் மகள் ஸ்டெபி. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து, உப்பு லாரிகளை நிறுக்கிற எடைமேடைகளைப் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஜெரால்டுக்கு ஞானமகள். அவளுடைய கம்ப்யூட்டரும் அவர் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டுவந்து பூட்டிக்கொடுத்ததுதான்.

ஸ்டெபிக்குக் கப்பலில் போக ஆசை. எலக்ட்ரிக்கல் டிரெய்னியாகச் சேர்வதற்கு ஒரு கப்பல் கம்பெனி ஆன்லைனில் பரீட்சை வைத்திருந்தது. சனிக்கிழமை காலை. வீட்டில் தனி அறையில் உட்கார்ந்து, கேமராவும் மைக்கும் கவனித்துக்கொண்டே இருக்க எழுத வேண்டும். முன்கூட்டியே பதிவு செய்து சரிபார்த்த கம்ப்யூட்டரில்தான் எழுத முடியும். கடைசி நேரத்தில் வேறு மெஷினுக்கு மாற முடியாது. தவறவிட்டால் இன்னொரு தேதி கிடையாது. அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

பதிவெல்லாம் முடிந்த பிறகு, அந்த வாரம் புதன்கிழமை திரை கிறுக்குப் பிடித்ததுபோல ஆடத் தொடங்கியது. முதலில் பச்சைக் கோடுகள். அப்புறம் எழுத்தெல்லாம் பொரி கொட்டியதுபோலச் சிதறின. பிறகு அப்படியே உறைந்து கறுத்துப்போனது.

ஸ்டெபி தன்னால் ஆனதைச் செய்தாள். மானிட்டருக்குப் போகிற கேபிளை மாற்றினாள். பிறகு கேபிளைப் பிடுங்கி டிவியில் மாட்டினாள். டிவியிலும் அதே கோடுகள். ஆக மானிட்டர் மேல் குற்றமில்லை. மதர்போர்டின் செட்டிங் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தாள். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே, அந்த நீலப் பக்கத்திலேயே கோடுகள் வந்தன. ஆக டிரைவர் சாப்ட்வேர் மேலும் குற்றமில்லை. குற்றம் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியைத்தான் திறக்க முடியாது. மூடியின் ஸ்குரூ மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அதன் குறுக்கே ஜெரால்டு கையெழுத்துப் போட்டிருந்தார்.

"அதக் கிழிச்சிராதளா" என்றாள் பிளாரன்ஸ். "மாமாவ வரச் சொல்லியிருக்கு."

மாமா வந்தார். பாய்லர் சூட், டார்ச், கிரீஸ் டப்பா, வாயில் மிச்ச வடை. ஸ்டிக்கரைத் தன் கையாலேயே கிழித்து, மூடியைத் திறந்து, டார்ச் அடித்தார். பல்லிடுக்கில் காற்றை இழுத்தார்.

"உப்புக்காத்துதான மச்சான்?" என்றான் பாஸ்கல், அவருக்குச் சிரமம் வேண்டாமென்று.

"உப்புக்காத்துதான். ஆனா எங்க அடிச்சிருக்குங்கதுல இருக்கு விஷயம். ஆன்போர்டு கிராபிக்ஸ் போச்சு. போர்டுல அதுக்குன்னு ஒரு சிப்பு உண்டு. அதுல ஏறிட்டு."

"எந்த சிப்பு மாமா?" என்றாள் ஸ்டெபி.

ஜெரால்டு டார்ச்சால் ஒரு கறுப்புச் சதுரத்தைக் காட்டினார்.

"அது சவுண்டுக்குள்ளது மாமா."

"அதுக்குப் பக்கத்துல உள்ளது."

"இந்த மாடல்ல கிராபிக்ஸ் பிராசசருக்குள்ளேயே இருக்கு. போர்டுல தனியா சிப்பு கிடையாது. பின்னால கேபிள் மாட்டுற வாசல் மட்டுந்தான் போர்டுல."

ஜெரால்டு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். தப்பான பதிலைச் சொன்ன பிள்ளையைப் பார்க்கிற வாத்தியார்கூட அவ்வளவு இரக்கமாகப் பார்க்க மாட்டார். "நீ பாத்தது காலேஜி. நான் பாத்தது கப்பலு. இருவதாயிரம் டன் கப்பல்ல ஆன்போர்டுன்னா என்ன அர்த்தம்னு தெரியுமாளா ஒனக்கு?"

மறுநாள் கடையிலிருந்து ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டைக் கொண்டுவந்தார். விசிறி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் போர்டில் சொருகி, பவர் போட்டார். திரையில் ஒன்றும் வரவில்லை. கோடுகூட வரவில்லை.

"கார்டையும் அடிச்சிட்டு" என்றார் ஜெரால்டு.

"மாமா, கேபிள் இன்னும் போர்டுலதான மாட்டியிருக்கு. கார்டு போட்டா போர்டு வாசல் தானா அடைச்சிரும். கேபிளக் கார்டுல மாட்டணும்லா."

"அதத்தான் செய்யப் போறேன். அதுக்குள்ள ஒனக்கு என்ன அவசரம்?"

கேபிளை மாற்றினார். படம் பளிச்சென்று வந்தது. கோடு இல்லை, சிதறல் இல்லை. ஜெரால்டு எழுந்து நின்று கைகளைத் துடைத்துக்கொண்ட விதத்தைப் பார்க்க வேண்டும். பிளாரன்ஸ் காபி கொண்டுவந்தாள். "நான் சொன்னேம்லா, ஆன்போர்டுன்னு. யாரு கேக்கா?" என்று அவர் முதல் வாய் உறிஞ்சுவதற்குள் மெஷின் அப்படியே உறைந்து நின்றது. திரும்பப் போட்டார்கள். செத்த நேரம் ஓடி, திரும்பவும் நின்றது.

"இது வேற சீக்கு" என்றார் ஜெரால்டு. காபியை முடித்தார். வெள்ளிக்கிழமை வந்து மொத்தமாகப் பார்க்கிறேன் என்று கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, புது ஸ்டிக்கரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நோயாளியின் வயிற்றைத் தைத்து மேலே தன் பெயரைப் பச்சை குத்திவிட்டுப் போகிற டாக்டரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். திரேஸ்புரத்துக்கு வந்தால் பார்க்கலாம்.

ஆனால் அவர் தெரியாமலே ஒரு நல்லது செய்திருந்தார். பிராசசருக்குள் இருக்கிற கிராபிக்ஸுக்குச் சொந்தமாக மெமரி கிடையாது. கம்ப்யூட்டரின் ராம் இருக்கிறதே, அதில் ஒரு பங்கை வாங்கித்தான் படத்தை வரைகிறது. தனிக் கார்டு வந்தால் அதற்குச் சொந்த மெமரி உண்டு. கார்டு போட்டதும் கோடு போய்விட்டது, ஆனால் மெஷின் உறைவது போகவில்லை. அப்படியானால் பழுது கிராபிக்ஸில் இல்லை, ராமில் இருக்கிறது. எடைமேடைகளோடு மல்லுக்கட்டுகிற ஸ்டெபிக்கு இது விளங்க, காபி டம்ளரைக் கழுவி வைக்கிற நேரம்தான் ஆனது.

"எம்மா, ராமைக் கழத்தித் துடைச்சா சரியாயிரும். அந்த ஸ்டிக்கரக் கிழிக்கட்டா?"

"கிழிச்சிட்டா? நாளைக்கு ஒன் கல்யாணத்துல யாரு நிப்பா?"

"எனக்கு மாப்பிளயே இன்னும் இல்லம்மா. பரீட்சை சனிக்கிழமை இருக்கு."

"அண்ணன் வந்து பாக்கேன்னு சொல்லியிருக்கு. அதுக்குள்ள நீ கை வச்சா அதுக்கு என்ன மரியாதை?"

பாஸ்கல் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஒன்றுமில்லை, எதிர்வீட்டுச் சுவர்தான். அதில் அன்றைக்கு அவனுக்கு நிறைய வேலை இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெரால்டு வந்தார். தன் ஸ்டிக்கரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, யாரும் தொடவில்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டு திறந்தார். "மொத்தமா ஒருக்க சர்வீஸ் பண்ணிருவோம்" என்றபடி ராமைப் பிடுங்கினார். அரைச்சாணுக்குச் சற்றே கூடுதலான பச்சைப் பட்டை. அதன் அடி ஓரத்தில் தங்க நிறப் பற்கள் வரிசையாக இருக்கும். அந்தப் பற்கள்தான் போர்டோடு பேசுகிறவை. இதில் தங்கம் தெரியவில்லை. கறுப்பாக, பிசுபிசுவென்று, தூசும் முடியும் ஒட்டி, மீன் கூடையின் அடிபோல இருந்தது. ஜெரால்டு டப்பாவைத் திறந்து, ஆட்காட்டி விரலில் கிரீஸைத் தோண்டி, அந்தப் பற்களின் மேலேயே தடவப் போனார்.

"மாமா, அங்கனயா தடவுதிய?"

"வேற எங்கன தடவ? உப்பு ஏறுறது அங்கனதான."

"இதுக்கு முந்தியும் தடவுனியளா?"

"வருசா வருசம் தடவுதேன். அதனாலதான் இது இத்தன நாளு தாக்குப்பிடிச்சு ஓடுச்சு."

படகு என்ஜினுக்குத் தடவுகிற கிரீஸ் மின்சாரத்துக்கு வழிவிடாது. கொஞ்ச நாளில் தூசியோடு சேர்ந்து இறுகி, பல்லுக்கும் போர்டுக்கும் நடுவில் சுவர் எழுப்பிவிடும். ஆக இந்த ஊரில் கம்ப்யூட்டர்களைக் கொல்கிற வேலையில் உப்புக்காற்று வெறும் கைத்தடிதான். தலைமை தாங்கியவர் பாய்லர் சூட்டில் உட்கார்ந்திருந்தார். நோயை அவரே பரப்பி, அவரே வைத்தியம் பார்த்து, நோயாளி செத்தால் கடலைக் கைகாட்டிவிட்டு, வடை தின்றுகொண்டிருந்திருக்கிறார். அதையும் மனதறிந்து செய்யவில்லை என்பதுதான் கொடுமை. மனதறிந்து செய்திருந்தால் கெட்டிக்காரர் என்றாவது சொல்லலாம்.

ஸ்டெபி அவர் கையிலிருந்த ராமைப் பிடுங்கினாள். கேட்டு வாங்கவில்லை, பிடுங்கினாள்.

"ஏளா" என்றாள் பிளாரன்ஸ்.

"வேலைக்கு எடுத்துட்டுப் போற பையில ஸ்பிரிட்டு இருக்கு, எடுத்துத் தாங்கப்பா. பழைய பனியனும் ஒண்ணு."

பாஸ்கல் சுவரை விட்டுவிட்டு எழுந்து போய் எடுத்துவந்தான். அவன் வாழ்க்கையில் மச்சான் எதிரில் செய்த முதல் காரியம் அதுதான்.

ஜெரால்டு எழுந்தார். விரலில் கிரீஸ் அப்படியே இருந்தது. "வேற கை பட்டுட்டுல்லா. இனிமே இந்த மெஷினுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. இந்த வீட்டுக்கும் எனக்குமே கிடையாது. ஞானத்தகப்பன்னு ஒருத்தன் இருந்தான்னு மறந்துருங்க."

"சரி மாமா" என்றாள் ஸ்டெபி, ராமின் பல்லைத் துடைத்துக்கொண்டே. "போகுமுன்ன அந்த டார்ச்ச மட்டும் செத்த இங்கன பிடிங்க. ஸ்லாட்டு தெரியல."

அவர் பிடித்தார். கோபத்தில் உதறிவிட்டுப் போகிற மனிதன் குனிந்து டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் பாவமாகத்தான் இருக்கும். இருந்திருக்கும், அவர் வாயை மூடிக்கொண்டு பிடித்திருந்தால். "சாச்சிப் போடு, நேராப் போடாத. கப்பல்ல எல்லாம் நாங்க சாச்சித்தான் போடுவோம்" என்றார். ஸ்டெபி நேராகப் போட்டாள். பழைய ஸ்லாட்டில் அல்ல, அதற்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த ஸ்லாட்டில். கண்ணுக்கு நேரே இருந்ததற்கு மட்டுமே ஜெரால்டு வருஷா வருஷம் தடவியிருந்ததால், அது பிறந்த மேனிக்குச் சுத்தமாக இருந்தது. அவருடைய சோம்பேறித்தனம் அந்த வீட்டுக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

மானிட்டர் கேபிளைப் போர்டு வாசலில் மாட்டி, பவர் போட்டாள். படம் வந்தது. கோடில்லை. வெகுநேரம் ஓடவிட்டார்கள், உறையவில்லை. ஜெரால்டு பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பாஸ்கலின் தோளைத் தொட்டு, "டார்ச்சு வெளிச்சம் சரியான கோணத்துல விழுந்துச்சுன்னா பாதி வேல முடிஞ்சிரும் மாப்பிள" என்றார். வீட்டுக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது என்பது அவ்வளவு நேரம்தான் தாங்கியது.

சனிக்கிழமை காலை ஸ்டெபி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறையில் வேறு ஆள் நடமாட்டமோ குரலோ தென்பட்டால் எச்சரிக்கை வரும், மூன்றாவது எச்சரிக்கையில் பரீட்சை தானாக மூடிக்கொள்ளும் என்று வீட்டில் எல்லாருக்கும் முன்பே சொல்லியிருந்தாள். பிளாரன்ஸ் குக்கர் வைக்கவில்லை. பாஸ்கல் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தான். டிவி ஊமையாக ஓடியது.

காவலுக்கு யாரும் கூப்பிடாமலே ஜெரால்டு வந்து சேர்ந்தார். அறைக் கதவுக்கு வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பால்காரன் வந்தான். "ஏலே, சத்தம் போடாத. உள்ள கப்பல் பரீட்சை நடக்கு" என்றார். எதிர்வீட்டுச் சந்தனச்செல்வி உறைமோருக்கு வந்தாள். "மெதுவாப் பேசு தாயி. உள்ள பிள்ள கப்பல் பரீட்சை எழுதுது. நான்தான் எல்லாம் ரெடி பண்ணிக் கொடுத்தேன்." அவள் பேசவே இல்லை. மோரைக் கையால் கேட்டாள். பிறகு போன் வந்தது. "ஆமா, சத்தம் வரப்பிடாதுன்னு காவலுக்கு உக்காந்திருக்கேன்" என்று துறைமுகம் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

உள்ளேயிருந்து ஸ்டெபி கதவை இரண்டு தட்டுத் தட்டினாள். நாற்காலியை விட்டு எழாமல், சக்கரத்தை உருட்டிவந்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தட்டினாள். இரண்டு எச்சரிக்கை வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படி ஒரு ஏற்பாடு அம்மாவுக்கும் மகளுக்கும் இருந்தது.

பிளாரன்ஸ் அடுக்களையிலிருந்து வந்தாள். அண்ணனின் கையிலிருந்த போனை வாங்கி அமர்த்தினாள். அவர் காதருகே குனிந்தாள். அவள் பிறந்ததிலிருந்து அந்த மனிதரிடம் சொல்லாததைச் சொன்னாள்.

"வாய மூடுங்கண்ணே. மூட முடியலன்னா எந்திரிச்சுப் போயிருங்க."

ஜெரால்டு தங்கச்சியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விரலை உயர்த்தினாள். கப்பல்காரர் எழுந்து, நாற்காலியை இழுக்கவும் துணியாமல் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டு, விரல் நுனியில் நடந்து வெளியே போனார். சத்தமே இல்லாமல் நடக்கவும் அவருக்குத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாவது எச்சரிக்கை வரவில்லை.

ஸ்டெபி வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "முடிச்சிட்டேம்மா" என்று மட்டும் சொன்னாள். அவள் அதைச் சொல்வதற்கு முன்பே, தெருமுனை வடைக்கடையில் அவள் பாஸாகிவிட்டாள். ஜெரால்டு அறிவித்திருந்தார். கம்பெனி முடிவு செய்ய அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு நாள் ஆனது. கப்பல் கம்பெனிக்காரர்கள் மந்தமானவர்கள்.

மெயில் வந்த அன்று பிளாரன்ஸ் ஒரு பெட்டி மக்ரூனோடு ஸ்டார்போர்டு கம்ப்யூட்டர்ஸுக்குப் போனாள். சனிக்கிழமைக்குப் பிறகு அண்ணனும் தங்கச்சியும் முகம் பார்த்திருக்கவில்லை. அவர் யாருடைய பெட்டிக்குள்ளோ தலையை விட்டிருந்தார், வெளியே எடுக்கவில்லை.

"பிள்ளைக்குக் கெடச்சிட்டுண்ணே. டிரெய்னிங்குக்குக் கூப்பிட்டுட்டான்."

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றது பெட்டி.

"தெரிஞ்சாச் சரி. அவ பொறப்படுற அன்னைக்கு நீங்க வந்து, நெத்தியில சிலுவை போட்டு அனுப்பணும். ஞானத்தகப்பன் நீங்கதான."

தலை வெளியே வந்தது. மக்ரூன் பெட்டியைப் பார்த்தது. "வாரேன்."

"பேசாம நிக்கணும்ண்ணே. சிலுவையப் போட்டுட்டுப் பேசாம நிக்கணும்."

"நான் என்னைக்குளா பேசியிருக்கேன்?"

ஸ்டெபி புறப்பட்ட அன்று ஜெரால்டு வந்தார். துவைத்து இஸ்திரி போட்ட பாய்லர் சூட்டில் வந்தார். அவள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டார், விரல் சுத்தமாகத்தான் இருந்தது. ஆட்டோ கிளம்பும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிளாரன்ஸுக்கே கண் கலங்கிவிட்டது. தெருமுனை திரும்பப்போன ஆட்டோவை அவர் கையைத் தட்டி நிறுத்தி, ஓடிப்போய் உள்ளே குனிந்து, இருபதாயிரம் டன் கப்பலில் மின்சாரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று ஆரம்பித்தார்.

டிரைவர் நல்ல பையன். கியரைப் போட்டான்.